தேதி தள்ளிப்போகும் வீட்டில்: தென் சூடானிலிருந்து திரும்பும் கணவருக்காகக் காத்திருக்கும் வாசகிக்கு

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் மாமியாருடனும் ஐந்து வயது மகனுடனும் வசிக்கிறேன். என் கணவர் இராணுவத்தில் ஹவில்தார். ஐ.நா. அமைதிப்படைக்காகத் தென் சூடானில் உள்ள மலக்காலுக்குப் போய் ஓராண்டு நிறைந்துவிட்டது. திரும்பி வரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. தொடக்கத்தில் தினமும் அரை மணி நேரம் பேசியவர், இப்போது “சாப்பிட்டேன், டியூட்டி இருக்கு, தூங்கணும்” என்பதோடு வைத்துவிடுகிறார். “எப்போது வருவீர்கள்?” என்று கேட்டால் எரிந்து விழுகிறார். இரவில் கெட்ட கனவுகள் வருவதாக ஒருமுறை சொன்னார். மகன் போனில் அவர் முகத்தைப் பார்த்தாலே ஓடிவிடுகிறான். மாமியாரோ அவர் வருகிற வாரத்திலேயே பேரனுக்குக் காதுகுத்து வைக்க வேண்டும், தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும் என்கிறார். போன மழையில் காலடிப்பேட்டை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் நாங்கள் இங்கே வாடகைக்கு மாறி வந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே ஏதாவது நடந்து அதை மறைக்கிறாரா? அவர் மனம் மாறிவிட்டதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மனம் மாறிய கணவர் தேதியைக் கேட்டால் எரிந்து விழமாட்டார். எளிதாக ஒரு பொய்த் தேதியைச் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கேள்வி உங்கள் கணவருக்கு வலிக்கிறது என்பதையே அவருடைய கோபம் காட்டுகிறது. தன் கையில் இல்லாத ஒன்றைத் தன் மனைவிக்கும் மகனுக்கும் மறுபடி மறுபடி வாக்குக் கொடுத்துத் தவறவேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். இரண்டு முறை அப்படி நடந்த பிறகு மூன்றாவது முறை வாய் திறக்க எவருக்கும் தயக்கம் வரும்.

அவருடைய ஒரு நாள் அங்கே எப்படிக் கழிகிறது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். நீலத் தொப்பியும் பதக்க அணிவகுப்பும் உள்ள படங்களை அவர் உங்களுக்கு அனுப்பியிருப்பார். அந்தப் பதக்கம் தொண்ணூறு நாள் பணி முடித்தவர்களுக்குத் தரப்படுவது. மீதி நாள்களைப் படம் எடுத்து அனுப்ப யாருக்கும் தோன்றாது. வெயில் ஏறுவதற்கு முன் பி.டி., பிறகு ஆயுதச் சோதனை, காவல் கோபுரத்தில் மணிக்கணக்கில் சென்ட்ரி என்னும் காவல் பணி, உணவு லாரிகளுக்குத் துணையாகப் போகும் ரோந்து, மாலையில் ஒரு வாலிபால் ஆட்டம், ரோல் கால், லங்கர் எனப்படும் படைச் சமையற்கூடத்தில் சாப்பாடு, கொசுவலைக்குள் தூக்கம் என்று ஒரே வட்டமாக ஓராண்டு சுற்றுகிறது. குடியிருப்பு பெரும்பாலும் கன்டெய்னர் அறைதான். மலக்கால் வெள்ளை நைல் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்குள்ள கரிசல் மண் மழைக்காலத்தில் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சாலை இல்லாமற்போய், எல்லாம் ஆற்று வழியாகவோ விமானத்திலோதான் வந்து சேர வேண்டும். போரில் வீடிழந்த மக்கள் முகாமின் வாசலையொட்டியே வாழ்கிறார்கள். இந்தியப் படையின் கால்நடை மருத்துவக் குழு அந்த மக்களின் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. உங்கள் கணவரிடம் கேட்டால் ஒருவேளை அதைப் பற்றி நிறையப் பேசுவார்.

பணியின் தொடக்கத்தில் இவையெல்லாம் புதியவை. அதனால் அரை மணி நேரம் சொல்வதற்கு அவரிடம் செய்தி இருந்தது. இப்போது அவருக்கே அவை சலித்துவிட்டன. இதற்கு மேல், திரும்பும் காலத்தின் வேலை வேறு மாதிரியானது. வண்டிகள், கருவிகள், கிடங்கில் உள்ள ஒவ்வொரு பொருள் என எல்லாவற்றையும் எண்ணி அடுத்துவரும் படைப்பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பிரிவின் முதல் குழு வந்து இறங்கிய பிறகுதான் இவர்களின் முதல் குழு ஏற முடியும்; பட்டாலியன் முழுவதும் ஒரே நாளில் கிளம்புவதில்லை, தொகுதி தொகுதியாகத்தான் வரும். ஐ.நா. அமர்த்தும் விமானத்துக்கு அந்நாட்டு அரசின் பறப்பு அனுமதியும் தேவைப்படுகிறது. இவற்றில் ஒன்று பிசகினாலும் தேதி தள்ளிப்போகும். 2020-இல் கொரோனாவுக்காக ஐ.நா. எல்லாப் படைமாற்றங்களையும் ஜூன் இறுதிவரை நிறுத்திவைத்தபோது, பெட்டி கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

போரைத் தாங்கியவர்கள்கூட இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் போனதுண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் ஊருக்கு அனுப்பவில்லை என்று 1946 ஜனவரியில் கராச்சியில் இருந்த பிரிட்டன் விமானப்படையினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது சிங்கப்பூர் வரை பரவியது. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஒரு படைக்கே அந்தக் கடைசி மாதங்கள் அவ்வளவு கடினமாக இருந்திருக்கின்றன. ஆபத்து இருக்கும்போது மனம் ஒருவிதமாக இறுகி நின்றுவிடுகிறது. ஆபத்து குறைந்து, வீடு கண்ணுக்கு எட்டிய பிறகு, இன்னும் போக முடியவில்லை என்னும் நிலையில்தான் அது தளர்ந்து சிடுசிடுப்பாக வெளிப்படுகிறது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அவர் ஏதாவது மறைக்கிறாரா என்று கேட்ட அதே கடிதத்தில், வீடு மாறியதை நீங்கள் அவரிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு எதற்கு வீண் கவலை என்று நினைத்து நீங்கள் சொல்லாமல் இருந்திருப்பீர்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே பார்த்தவற்றைச் சொல்லாமல் இருக்கிறார் என்று நான் கருதுகிறேன். நீங்கள் தண்ணீர் புகுந்ததைச் சொல்லமாட்டீர்கள், அவர் துப்பாக்கிச் சத்தம் கேட்டதைச் சொல்லமாட்டார். ஒருவரையொருவர் கவலையிலிருந்து காப்பாற்றிக்கொண்டே போனால், கடைசியில் இருவருக்கும் பேச “சாப்பிட்டீர்களா?” என்பது மட்டுமே மிஞ்சும். அவருடைய மௌனத்தில் பாதி இப்படி வந்ததாக இருக்கலாம். மனைவியின் குரலில் ஏதோ விடுபடுகிறது என்பது ஓராண்டு தொலைபேசியிலேயே குடும்பம் நடத்திய மனிதருக்குத் தெரியாமல் இருக்காது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, வீடு மாறியதை அவர் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான். அவர் தினமும் மனத்துக்குள் திரும்பி வருகிற வீடு காலடிப்பேட்டை வீடு. சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவோ ஆட்டோவோ பிடித்து, அந்தக் கதவைத் தட்டுவதாகத்தான் அவர் பலமுறை கற்பனை செய்திருப்பார். வந்து இறங்கிய இரவில் வேறொரு தெருவில் வேறொரு கதவின் முன் நின்று இதைத் தெரிந்துகொள்வது மிகவும் சங்கடமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, “மழையில் தண்ணீர் வந்துவிட்டது, உங்களுக்குக் கவலை வேண்டாமென்று சொல்லவில்லை, சமாளித்துவிட்டோம், வாருங்கள் வீட்டைப் பாருங்கள்” என்று சொல்லி, படிக்கட்டு, சமையலறை, மோட்டார் சுவிட்சு, அவர் படுக்கப்போகும் இடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். அவர் கோபப்படலாம். பட்டால் படட்டும், அந்தக் கோபம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவரும் ஏதாவது சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். “ஐயோ, அப்படியா, இனிமேல் அங்கே போகாதீர்கள்” என்று பதறினால் அவர் மறுபடியும் மூடிக்கொள்வார்.

அழைக்கும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். தென் சூடான் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி பின்தங்கியது. உங்கள் வீட்டு வேலையெல்லாம் முடிந்து இரவு பத்தரைக்கு நீங்கள் பேசும்போது அங்கே மணி ஏழு. ரோல் காலும் சாப்பாடும் நெருக்கும் நேரம், வைஃபைக்கும் கூட்டம். இங்கே ஞாயிறு காலை பத்தரை என்றால் அங்கே ஏழு மணி, பெரும்பாலும் அவசரமில்லாத வேளை. அவருக்கு எந்த வேளை ஏற்றது என்று அவரையே கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் நிதானமாகப் பேசினால் போதும். மற்ற நாள்களில் குரல் செய்தி அனுப்பலாம், முடிந்தபோது கேட்டுக்கொள்வார்.

பேச்சில் தேதி வேண்டாம். அது தெரிந்த நிமிடமே அவர் சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாக வீட்டு விஷயங்களில் அவருடைய முடிவு தேவைப்படுகிற ஒன்றிரண்டை அவர் முன் வையுங்கள். பையனை அடுத்த ஆண்டு எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பழைய வீட்டு முன்பணத்தில் உரிமையாளர் பிடித்த தொகையைக் கேட்டு வாங்குவதா விட்டுவிடுவதா என்பது போன்றவை. நீங்கள் தனியாகவே முடிவெடுத்துவிடக் கூடியவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மழைக்கு நடுவே வீடு பார்த்து, சாமான் ஏற்றி, மாமியாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிந்து சேர்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூபன் ஹில் என்ற சமூகவியலாளர், கணவர் இல்லாத இடத்தை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நன்றாக நடந்த குடும்பங்களில் சில, அவர் திரும்பியபோது இடம் கொடுக்கத் திணறின என்பதை 1949-இலேயே காட்டியிருக்கிறார். என் மருத்துவமனைக்கு வரும் காசிமேட்டுக் குடும்பங்களிலும் இதையே காண்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கணவர் வீட்டோடு இருப்பது முதல் வாரம் விசேஷமாகவும், இரண்டாவது வாரத்திலிருந்து சச்சரவாகவும் ஆகிவிடுகிறது. கடைக்கு யார் போவது, பிள்ளையை யார் அடிக்கலாம், சாவி யாரிடம் இருப்பது என்பவைதான் அங்கே சண்டைக்குக் காரணம். பெரிய காரணம் ஒன்றும் இருப்பதில்லை. நீங்கள் கற்றுக்கொண்டதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வங்கி வேலையை நீங்களே தொடர விரும்பினால் அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

பணத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசிவிடுங்கள். வெளிநாட்டுப் பணி என்றதுமே உறவுக்காரர்கள் ஆளுக்கொரு எதிர்பார்ப்பு வைத்திருப்பார்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே காதுகுத்துச் செலவும் கைமாற்றுக் கோரிக்கைகளும் அவர் காதுக்கு வந்திருந்தால், வீட்டுக்கு வரும் ஆவலோடு ஒரு கலக்கமும் சேர்ந்திருக்கும். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று நீங்கள் இருவரும் ஒரு தொகையைப் பேசி முடித்துவிட்டால், மற்றவர்களுக்குப் பதில் சொல்வது எளிது.

உங்கள் மகன் ஓடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவனுடைய வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளின் ஐந்தில் ஒரு பங்கு. போனில் தெரியும் முகத்தைப் பார்த்து “அப்பாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்று வற்புறுத்தினால் அவன் இன்னும் விலகுவான். அவர் தினமும் ஒரு சிறு கதையை, அல்லது அங்கே பார்த்த ஒரு பறவையை, ஒரு நிமிடக் குரல் செய்தியாக அனுப்பட்டும். அதை இரவில் படுக்கும்போது போட்டுவிடுங்கள். நாள்காட்டியில் தேதியைக் கிழித்து எண்ணும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டாம்; தேதி மூன்றாவது முறையும் தள்ளிப்போனால் பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். இன்னொன்று, இப்போது அவன் உங்கள் பக்கத்தில்தான் படுக்கிறான் என்று நினைக்கிறேன். அப்பா வந்த இரவில் அவனைத் தூக்கிப் பாட்டியிடம் படுக்கவைத்தால், தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவர் என்றே அவரைப் பார்ப்பான். வாரத்தில் சில இரவுகள் என்று இப்போதிருந்தே பாட்டியிடம் பழக்குங்கள்.

மாமியாரிடம் நீங்கள் நேரடியாக மறுத்துப் பேச வேண்டாம். உங்கள் கணவரே தம் தாயிடம் சொல்லட்டும். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காதுகுத்து வேண்டியதுதான், ஆனால் அவர் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆன பிறகு நாள் பார்க்கலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, தேதி மாறினால் அந்தப் பழியும் அவர் தலையில் விழும். பேனர் வேண்டாம், பட்டாசு நிச்சயமாக வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் கேட்கக்கூடிய ஊரில் ஓராண்டு காவல் நின்றவருக்குத் தெருவில் இறங்கியதும் சரவெடி வெடிப்பது மரியாதை ஆகாது. அவர் வரும் நாளையும் ரயிலையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். படையினர் பயணம் பற்றிய செய்தியை முன்கூட்டி வெளியிடக் கூடாது என்பதை அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். தாய்க்கு மகன் வருவது ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருப்பது நியாயம். மூன்றாம் நாள் உறவினர்களை ஒரு வேளை சாப்பாட்டுக்கு அழைக்கலாம் என்று சொன்னால் அவரும் ஒப்புக்கொள்வார்.

கனவுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நீங்கள் அஞ்சும் காரணம் இருக்கலாம். வேறொரு காரணமும் இருக்கலாம். மலேரியா உள்ள நாடுகளில் பணிபுரிவோருக்குத் தடுப்பு மாத்திரை தரப்படும். அவற்றுள் வாரம் ஒருமுறை சாப்பிடும் மெஃப்ளோக்வின் என்ற மருந்து சிலருக்குத் தூக்கமின்மை, பயங்கரமான கனவு, பதற்றம், எரிச்சல் ஆகியவற்றைத் தரக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதற்காகவே கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்தில் அச்சிடச் செய்தது. டாக்ஸிசைக்ளின் போன்ற தினசரி மாத்திரைகளில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மெஃப்ளோக்வின் என்றால், கனவுகளையும் எரிச்சலையும் தம் படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். அந்த அதிகாரி வேறு மருந்துக்கு மாற்றிவிடுவார். உங்கள் கணவர் தானாக நிறுத்திவிடக் கூடாது, அங்கே மலேரியா உயிரைப் பறிக்கும் நோய்.

செய்திகளைப் பார்த்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த நிலையில் உள்ள எல்லோரும் அதைச் செய்கிறார்கள். தென் சூடான் தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு பரப்புள்ள நாடு. எங்கோ நடந்த மோதலை யூடியூபில் பார்க்கும்போது அது அவர் முகாம் வாசலில் நடப்பதாகத் தோன்றும்.

எப்போது இதையெல்லாம் விட்டு உடனே உதவி தேட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற மாதிரியான பேச்சு, பல நாள்களாகத் தூக்கமே இல்லாமை, வழக்கத்தை மீறிய குடி, ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, அல்லது யாருடனும் பேசாமல் முற்றிலும் ஒதுங்குவது ஆகியவை தென்பட்டால், அவருடைய கோபத்துக்குப் பயந்து காத்திராமல், இந்தியாவில் நிரந்தர முகாமில் உள்ள பட்டாலியனின் ரியர் அலுவலகத்தை (படை வெளியே போயிருக்கும்போது இங்கே இயங்கும் அலுவலகம்) தொடர்புகொண்டு அங்குள்ள அதிகாரியிடம் சொல்லுங்கள். அதனால் அவர் பதவி போய்விடும் என்று பலர் பயந்து தாமதிக்கிறார்கள். தாமதம்தான் கெடுதல் செய்யும். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் (டெலி-மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கும் குடும்பத்தினருக்கும் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இதற்கென ஒரு தனிப் பிரிவும் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. நேரில் வர வேண்டுமானால் உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம்.

அவர் வந்த பிறகு ஓரிரு வாரங்கள் அதிகம் தூங்குவார், அல்லது தூக்கமே வராமல் நள்ளிரவில் மொட்டைமாடியில் நடப்பார். தன்னோடு இருந்த தோழர்களுக்கே போன் செய்துகொண்டிருப்பார். உங்களுக்கு அது வருத்தமாக இருக்கும். ஓராண்டு ஒரே கன்டெய்னரில் வாழ்ந்தவர்களின் பேச்சு ஒரே நாளில் நின்றுவிடாது. இருக்கட்டும் என்று விடுங்கள். ஒரு மாதம் கழித்தும் தூக்கமும் கோபமும் சீராகவில்லை என்றால் இருவருமாக என்னை அல்லது இராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மெஃப்ளோக்வினோ டாக்ஸிசைக்ளினோ, ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். வட சென்னைக்கு மலேரியா புதிதல்ல என்பதால் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. இங்கே அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை, ஓரிரு நாளிலேயே நிலைமை முற்றிவிடும். திரும்பி வந்து ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், தடுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று, சீட்டு எழுதும்போதே அவர் தென் சூடானிலிருந்து வந்தவர் என்று சொல்லி, மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையை அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.